சிர்கான் வயது சிதறுகிறது, எதை எடுப்பது? (அவசரம்)

கல்தச்சன்: வெள்ளிக்கிழமைக்குள் கைடுக்குக் காட்ட வேண்டும். சார்னோகைட் பாறையிலிருந்து பிரித்த சிர்கான் கனிம மணிகளில் யுரேனியம்-ஈய வயது (யுரேனியம் சிதைந்து ஈயமாவதை அளந்து கணிப்பது) 2,480, 1,910, 1,350, 790, 560 மில்லியன் ஆண்டு என்று வருகிறது. உருமாற்றம் (வெப்பமும் அழுத்தமும் பாறையை மாற்றியது) எப்போது நடந்தது என்று எழுத? சராசரி போடலாமா?

மலைமுகடு: எந்த ஊர்ப் பாறை? நீலகிரி என்றால் 250 கோடி ஆண்டு வாக்கிலேயே உருமாறி முடிந்த சங்கதி. பாலக்காடு-காவிரி வெட்டு மண்டலத்துக்கு (பாறைகள் உரசி நகர்ந்த பட்டை) தெற்கே என்றால் 55 கோடி வாக்கில் இன்னொரு தடவை நன்றாக வெந்திருக்கும்.

ஈயக்குண்டு: சிர்கானை விடுங்க, மோனசைட் கனிமத்தைப் பாருங்க. எப்போதும் அதுதான் உண்மை சொல்லும்.

பேராசான்: சார்னோகைட்டில் போய் மோனசைட் தேடுவதா? பக்கத்தில் கார்னெட்-சில்லிமனைட் பாறை இருந்தால் அதில் தேடலாம். தம்பி, சராசரி என்று கேட்பதற்கு முன் முதல் செமஸ்டர் நோட்டைப் புரட்டியிருக்கலாம். கன்கார்டியா (இரண்டு யுரேனியம்-ஈய வயதுகளும் ஒத்துப்போகும் வளைகோடு) வரைந்தாயா? சிர்கானை கேத்தடோலுமினசென்ஸில் (எலக்ட்ரான் பட்டு மணி ஒளிர்வது) படம் எடுத்தாயா? வயது அளக்க லேசர் தோண்டிய குழி எத்தனை மைக்ரான்?

கருப்புமைக்கா: பயோடைட் என்ற கருப்பு மைக்காவில் ருபீடியம்-ஸ்ட்ரோன்சியம் வயது எடுத்தால் செலவு குறைவு.

மலைமுகடு: அது 300 டிகிரிக்குப் பாறை ஆறிய நேரத்தைத்தான் தரும். இவர் கேட்பது 800, 900 டிகிரியில் நடந்ததை.

கல்தச்சன்: ஊர் பெருமாள்மலைப் பக்கம், கொடைக்கானல் ரோடு. குழி 30 மைக்ரான். படம் இன்னும் எடுக்கவில்லை.

மலைமுகடு: அப்படியானால் நடுவில் இருக்கும் 1,910, 1,350, 790 எதுவும் ஒரு நிகழ்வாக இருக்க வேண்டியதில்லை. குழி பாதி பழைய கருவிலும் பாதி புது விளிம்பிலும் விழுந்தால் கலப்பு வயதுதான் வரும். ஈயம் கசிந்திருந்தாலும் இப்படித்தான் சிதறும். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால், அது கன்கார்டியா வளைகோட்டை மேலே வெட்டுமிடம் மாக்மா படிகமான காலம், கீழே வெட்டுமிடம் உருமாற்றம். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிய காலத்தோடு சேருகிறதா பாருங்கள்.

கருப்புமைக்கா: மாக்மாவா? சார்னோகைட்டே உருமாற்றத்தில் வந்ததுதானே?

பேராசான்: பல்லாவரம் கல்லைப் பார்த்த புவியியலாளர் ஹாலந்து 1900-லேயே சார்னோகைட் அனற்பாறை (மாக்மா இறுகியது) என்று எழுதிவிட்டார்.

கருப்புமைக்கா: கர்நாடகத்தில் கப்பால்துர்காவுக்குப் போய்ப் பாருங்க ஐயா. சாம்பல் நைஸில் (வரிகள் உள்ள உருமாறிய பாறை) எண்ணெய்ப் பச்சைச் சார்னோகைட் திட்டுகள், நைஸின் வரிகள் திட்டின் ஓரத்தில் மங்கி மறைவது கண்ணுக்கே தெரியும். அது உருகி வந்ததா?

பேராசான்: ஒரு குவாரியை வைத்து மலைத்தொடர் முழுக்கத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஈயக்குண்டு: மோனசைட் இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

கல்தச்சன்: படம் வந்தது. நடுவில் வரிவரியான கரு, சுற்றிலும் வெளிறிய விளிம்பு, பல மணிகளில் 15 மைக்ரான்கூட இல்லை. விளிம்பு தடித்த மணிகளை மட்டும் மறுபடி லேசரில் சுடச் சொல்லிவிட்டார் கைடு. நன்றி.

கருப்புமைக்கா: கப்பால்துர்கா பற்றி இன்னும் பதில் வரவில்லை ஐயா.