ஃபினாஸ்டிரைடு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:
வணக்கம். புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்காக, எழுபது வயதான என் தந்தையார் ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு மாதங்களாக உட்கொண்டு வருகிறார். இன்னும் இரவில் நான்கைந்து முறை எழுந்து, கழிப்பறைச் சுவரில் கையூன்றி நெடுநேரம் நிற்கிறார். பயனில்லாத மாத்திரை எதற்கு என்கிறார். நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1:
ஐயா, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதியை இம்மருந்து தடுப்பதால், சுரப்பி மெல்ல மெல்லத்தான் சுருங்கும்; பயன் தெரிய ஆறு மாதங்கள்கூட ஆகலாம். தசையைத் தளர்த்தி விரைவில் நிவாரணம் தரும் டாம்சுலோசினைச் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள்.

மறுமொழி 2:
இரத்தப் பரிசோதனையில் மிகுந்த கவனம் தேவை. இம்மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்பவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய் உள்ளதா என்று அறிய இரத்தத்தில் அளக்கும் புரதம்) அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அறிக்கையில் உள்ள எண்ணை இரட்டித்தே பார்க்க வேண்டும். என் அண்ணனுக்கு 3 என்று வந்தபோது நாங்கள் நிம்மதியடைந்தோம். மருத்துவரோ அதனருகில் பேனாவால் 6 என்று எழுதி, மேற்பரிசோதனைக்கு அனுப்பினார். எந்த மருத்துவரிடம் சென்றாலும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
இதே வகை மருந்தான டூட்டாஸ்டிரைடு, மறுமொழி 1 குறிப்பிட்ட நொதியின் இரு வகைகளையும் தடுக்கும். ஃபினாஸ்டிரைடு பெரும்பாலும் இரண்டாம் வகையை மட்டுமே தடுக்கும். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால், உடைந்த மாத்திரையை அவர்கள் தொடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். இன்றிரவு முதல் நானே கொடுக்கிறேன்.