மாசம் 99 ரூபாய் கேம் சந்தா கட்டுபடியாகுமா?

மார்த்தாண்டம்_மக்கா:
சந்தா கட்டினா ஒரு தொகுப்பு ஆட்டங்களை ஆட விடுற கூகுள் ப்ளே பாஸ் (ஆண்ட்ராய்டுக்கு), ஆப்பிள் ஆர்கேட் (ஐபோனுக்கு) ரெண்டுமே மாசம் 99 ரூபாய்னு கெடக்கு. வீட்டுல நாலு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன். பிள்ளைகள் ஆடுற ஆட்டத்துல ஒரு லெவல் முடிஞ்சா ஒரு விளம்பரம், கைதவறித் தொட்டா வேற ஏதோ ஆப் இறங்குது. சந்தா கட்டினா இது நிக்குமா, இல்ல தண்டச் செலவா?

வடசேரி_கடைவீதி:
தண்டம்தான் மக்கா. முதல்ல பிள்ளைகள் என்ன ஆடுதுன்னு பாரு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்னா ப்ளே பாஸால பிரயோசனமே இல்ல. அந்த ஆட்டங்களுக்குள்ள யூசி, டைமண்டுனு ஆட்டக் காசு வாங்குற செலவை அது அடைக்காது. 2022 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்தப்போ மான்யுமென்ட் வேலி, வேர்ல்ட் கிரிக்கெட் பேட்டில் 2 இதையெல்லாம் முன்னால காட்டித்தான் வித்தான். மான்யுமென்ட் வேலி நல்ல ஆட்டம், இல்லேங்கல. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிரும். பிறகு? தனியா விலை கொடுத்து வாங்கினா உன் அக்கவுண்ட்ல கெடக்கும். சந்தாவுல எடுத்தது சந்தா முடிஞ்சதும் பூட்டிக்கிடும். ஆயிரம் ஆட்டம் இருக்குங்கான். மனுசன் ஆடுறது நாலு.

கருங்கல்_டீச்சர்:
அண்ணாச்சி, நீங்க ஒத்தை ஆளுக்குக் கணக்குப் போடுறீங்க. ப்ளே பாஸை மாசாமாசம் கட்டினா வருசத்துக்கு 1,188. வருசச் சந்தாவா எடுத்தா 889. கூகுள் குடும்பக் குழுவுல ஆறு பேர் வரை ஒரே சந்தாவுல ஆடலாம். இவங்க வீட்டுல நாலு போன்னா தலைக்கு வருசத்துக்கு 222 ரூபாய். (விலை மாறலாம், பணம் கட்டுற திரையில வர்ற தொகையைப் பாத்துட்டுக் கட்டுங்க.) ப்ளே பாஸ் ஆட்டங்கள்ல விளம்பரமும் கிடையாது, உள்ளே காசு கேக்குற பெட்டியும் கிடையாது.

பலபேர் கோட்டை விடுறது குழு அமைக்கிறதுலதான். சந்தா குழுத் தலைவர் அக்கவுண்ட்ல இருக்கணும். பிள்ளைங்க அக்கவுண்ட்ல எடுத்துட்டு மத்தவங்களுக்கு வரலைன்னு நிக்கக் கூடாது. தலைவர் கட்டினதும் மத்தவங்களுக்குத் தானா வராது, ஒவ்வொருத்தரும் அவங்க ப்ளே ஸ்டோர்ல போய் ப்ளே பாஸைத் தொடங்கணும். நம்ம மாவட்டத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா கல்ஃபுல, அவர் ப்ளே ஸ்டோர் அங்கத்த நாட்டுல. குழுவுல எல்லாரும் ஒரே நாட்டுல இருக்கணும், அதனால அவர் பேர்ல தொடங்காம ஊர்ல இருக்கிற அம்மா பேர்ல தொடங்குங்க. அவசரப்பட்டு ஒரு குழுவுல சேந்துட்டு மாறணும்னு நினைச்சா 12 மாசத்துக்கு ஒரு தடவைதான் மாற விடுவான்.

மார்த்தாண்டம்_மக்கா:
டீச்சர், சந்தா கட்டின பிறகும் விளம்பரம் வருதுன்னு சிலர் சொல்றாங்களே?

கருங்கல்_டீச்சர்:
போன்ல ரெண்டு ஜிமெயில் இருக்கும். ஆட்டம் ஒரு ஜிமெயில்ல இறங்கியிருக்கும், சந்தா இன்னொண்ணுல இருக்கும். ப்ளே ஸ்டோர்ல மேலே படத்தைத் தொட்டு, சந்தா உள்ள அக்கவுண்டுக்கு மாத்தி, ஆட்டத்தை நீக்கிட்டு மறுபடி இறக்கணும். நீக்குறதுக்கு முன்னாடி ஆட்டத்துல கிளவுட் சேவ் (ஆடினதை நெட்டுல சேத்து வைக்கிற வசதி) இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஏறின லெவல் எல்லாம் போயிரும், பிறகு பிள்ளைங்க அழுகையை நீங்கதான் சமாளிக்கணும். அதோட ப்ளே பாஸ்ல உள்ள ஆட்டத்துக்குப் பக்கத்துல டிக்கெட் மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அது இல்லாத ஆட்டத்துல விளம்பரம் வரத்தான் செய்யும்.

வடசேரி_கடைவீதி:
டீச்சர் ஐபோனை விட்டுட்டீங்க. ப்ளே பாஸ் அதுல ஏறாது. ஒத்தை ஐபோனுக்குத் தனியா ஆர்கேட் மாசம் 99, வருசம் 1,188. ஆக 889ம் 1,188ம் சேத்து 2,077 ரூபாய். இதுல தலைக்கு 222ங்கிற கணக்கு எங்க போச்சு?

இன்னொண்ணு, இன்னிக்கு இருக்கிற ஆட்டம் நாளைக்கு இருக்கணும்னு இல்ல. 2022ல ஆர்கேட்லேருந்து பத்துப் பதினஞ்சு ஆட்டத்தை ஒரே மூச்சுல எடுத்தான். நெட்ஃபிளிக்ஸ் சந்தாவுல ஜிடிஏ 3, வைஸ் சிட்டி ரெண்டும் 2023 டிசம்பர்ல வந்து, 2024 டிசம்பர்லயே போயிட்டு. பாதி ஆடினவன் வாயைப் பொளந்து நிக்க வேண்டியதுதான்.

கருங்கல்_டீச்சர்:
ஐபோன் கணக்கு சரிதான், ஒரு ஐபோனுக்காக ஆர்கேட் எடுக்கச் சொல்லமாட்டேன். வீட்டுல ஐபேடும் மேக்கும் இருந்தா கதை வேற. புது ஆப்பிள் கருவி வாங்கினா மூணு மாசம் இலவசம் வரும், அதை முதல்ல ஆடிப் பாக்கட்டும். ஒரு எச்சரிக்கை: இலவசக் காலத்தை முதல் நாளே ரத்து பண்ணிராதீங்க, மீதி நாளும் கையோட போயிரும். முடியுறதுக்கு ரெண்டு நாள் முந்தி காலண்டர்ல நினைவூட்டல் வச்சு அப்பம் ரத்து பண்ணுங்க. ஆர்கேட்ல ஃப்ரூட் நிஞ்சா கிளாசிக் பிளஸ் மாதிரி 'பிளஸ்' போட்டு வர்றது தனி ஆப். பழைய ஃப்ரூட் நிஞ்சாவுல சேத்தது அதுக்கு வரும்னு எதிர்பாக்காதீங்க.

குலசேகரம்_ரப்பர்காடு:
விளம்பரம் மட்டும்தான் தொல்லைன்னா காசே வேண்டாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ். டிஎன்எஸ்னா இணையப் பேரை வச்சு முகவரி தேடிக் குடுக்கிற சேவை. அங்க விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் பேரைப் போட்டா முக்கால்வாசி நிக்கும். ஆட்டமும் இலவசமா வேணும்னா ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன் இருக்கு. ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது, நெட் இல்லாம ஓடும். மாட் ஏபிகே (யாரோ மாத்தி, ப்ளே ஸ்டோருக்கு வெளியே விடுற ஆப் ஃபைல்) பக்கம் மட்டும் போவாதீங்க. எஸ்எம்எஸ் படிக்கவும் அக்சஸிபிலிட்டிக்கும் (திரையில உள்ளதைப் படிச்சு இயக்குற வசதி) அனுமதி கேக்குற ஆட்டம் ஓடிபியைத் தூக்கத்தான் வந்திருக்கு.

கருங்கல்_டீச்சர்:
டிஎன்எஸ் போட்டா "விளம்பரம் பாத்தா ஒரு உயிர்" பட்டனும் வேலை செய்யாது. சில ஆட்டம் விளம்பரம் வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே நிக்கும். போதாக்குறைக்கு வைஃபை உள்நுழைவுப் பக்கம் திறக்காது, திறக்க டிஎன்எஸை அணைக்கணும். இதையெல்லாம் எட்டு வயசுப் பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது?

தூத்தூர்_நங்கூரம்:
கடல்ல வாரக்கணக்குல தங்குறவங்களுக்கு இந்தச் சந்தா கொள்ளாம். கரை தாண்டினா டவர் கிடையாது, போன்ல உள்ளதுதான் பொழுதுபோக்கு.

வடசேரி_கடைவீதி:
நெட்டே இல்லாத இடத்துல விளம்பரம் எங்கேருந்து வரும் அண்ணே? சும்மா கிடைக்கிற ஆட்டமே அங்க சுத்தமா ஓடுமே.

தூத்தூர்_நங்கூரம்:
ஓடாது. பாதி ஆட்டம் நெட் இல்லேன்னா திறக்கவே செய்யாது. திறக்கிறதுலயும் உயிர் தீந்தா விளம்பரம் பாக்கச் சொல்லும், பாக்க நெட் வேணும். ஆட்டம் அங்கயே முட்டி நிக்கும். சந்தா ஆட்டத்துல அந்தக் கொக்கி இல்ல. ஆனா போட்ல ஏறுற அன்னிக்கு இறக்கினா பலிக்காது. ரெண்டு நாள் முந்தி வைஃபையில இறக்கணும், தினசரி 1.5 ஜிபி பிளான்ல பெரிய ஆட்டம் ரெண்டு இறக்கினா அன்னிக்கு நெட் காலி. இறக்கினதோட விடாம ஒவ்வொண்ணையும் நெட் இருக்கும்போதே ஒருக்கா திறந்து முதல் லெவல் வரை ஆடணும், ஏன்னா நிறைய ஆட்டம் மீதி ஃபைலை முதல் தடவை திறக்கும்போதுதான் இழுக்கும். பிறகு ஏரோப்ளேன் மோட் போட்டு, ஆப்பை முழுசா மூடி, மறுபடி திறக்கணும். திறந்தா கொண்டு போ, திறக்கலேன்னா நீக்கிட்டு இடத்தை மிச்சம் பண்ணு. சந்தா முடியுற தேதி கரைக்குத் திரும்புற தேதிக்குப் பிந்தி இருக்கணும். மாசச் சந்தாவுல நடுக்கடல்ல தேதி விழுந்தா வம்பு, வருசச் சந்தாதான் சரி.

வடசேரி_கடைவீதி:
கடலுக்குப் போறவங்களுக்கு அது நியாயம், ஒத்துக்கிடுதேன். மார்த்தாண்டத்துல 5ஜி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கவனுக்கு எதுக்கு?

மார்த்தாண்டம்_மக்கா:
காசு கட்டி ஆடுறதே இப்போ சட்டப்படி தடைன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது?

குலசேகரம்_ரப்பர்காடு:
2025 ஆகஸ்ட்ல வந்த மத்தியச் சட்டம் தடுத்தது பணம் வச்சு பணம் ஜெயிக்கிற ஆட்டத்தை. சந்தாக் கட்டணம் பந்தயம் இல்ல, அது அந்தத் தடைக்குள்ள வராது.

கருங்கல்_டீச்சர்:
எடுக்கிறதா இருந்தா நிறுத்துற வழியையும் இப்பவே தெரிஞ்சுக்கிடுங்க. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. ப்ளே ஸ்டோர்ல படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ், ப்ளே பாஸ், கேன்சல். ஐபோன்ல செட்டிங்ஸ், மேலே பேர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். பிறகு யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட் (தானா பணம் எடுக்க நீங்க குடுத்த அனுமதி) இன்னும் உயிரோட இருக்கான்னு பாத்து ரத்து பண்ணுங்க. பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முந்தி அறிவிப்பு வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அந்த மெசேஜ் எந்த நம்பருக்கு வருதோ அந்த சிம் போன்ல கெடக்கணும்.

வடசேரி_கடைவீதி:
இதையும் செய் மக்கா. பிள்ளைகள் போன மாசம் ஆடின ஆட்டங்கள் பேரை எழுது. ஒவ்வொண்ணா ப்ளே ஸ்டோர்ல தேடு. எத்தனைல அந்த டிக்கெட் அடையாளம் இருக்குன்னு எண்ணிட்டு இங்க போடு.

மார்த்தாண்டம்_மக்கா:
எண்ணியாச்சு அண்ணாச்சி. ஒம்பதுல ரெண்டு.