ஃப்ரீசரில் பனி, கீழே குளிர் இல்லை: கேஸ் தீர்ந்துவிட்டதா?

முத்துநகர் மீனா:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைக் கதவு வைத்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், பழைய டைமர் மாடல். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக உறைகிறது. கீழே வைத்த தோசை மாவோ விடிவதற்குள் புளித்துப் பொங்கிவிடுகிறது. ஃப்ரீசரின் பின்பக்கத் தகடு முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது. ஒருநாள் முழுக்க அணைத்துவைத்துப் போட்டால் ஒரு வாரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு பழையபடிதான். பார்க்க வந்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். நிரப்பலாமா?

மதுரை மெக்கானிக்:
வேண்டாம் அம்மா. அணைத்துப் போட்டதும் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. தீர்ந்துபோன கேஸ், ஃப்ரிட்ஜை அணைத்துவைத்தால் திரும்பி வராது. உருகியது பனிதான்.

அந்தத் தகட்டுக்குப் பின்னால் குளிர்ச்சி தரும் காயில் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழைகிற ஈரக்காற்று அதில் பனியாகப் படியும். கம்ப்ரசர் ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டரை இயக்கும். பனி உருகி, குழாய் வழியே கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். இது நடக்காவிட்டால் பனி காயிலை மூடிக் காற்றை அடைத்துவிடும். கீழ்த்தட்டுக்குக் குளிர் இறங்காது.

தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட், அதாவது பனி உருக்கும் ஏற்பாட்டில் கோளாறு. ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் வெறுங்குழாய் என்றால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். இதைப் பார்க்காமலே கேஸ் நிரப்பச் சொல்வது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம்.

இன்னொன்று, பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். அலுமினியக் குழாயில் ஓட்டை விழுந்தால் அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும். இப்போதைய ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது.

கடலூர்க்காரன்:
கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். ரப்பர் தளர்ந்தால் பனி சீக்கிரம் ஏறும். காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் நின்றால் வடிகால் துளை அடைத்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் திறக்கும்.

முத்துநகர் மீனா:
ஐயா, தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை ஒரே பனிச்சுவர்! ரப்பர் இறுக்கமாகவே இருக்கிறது. பார்க்க வந்தவர் ஹீட்டரைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஹீட்டருக்கு மின்சாரம் விடும் பைமெட்டல் என்ற சுவிட்சில் மின்தொடர்பு வரவில்லை, அதை மாற்ற வேண்டும் என்கிறார். புதியது கிடைக்கும்வரை அதை விட்டுவிட்டு ஒயரை நேரடியாக இணைத்துத் தருகிறாராம்.

மதுரை மெக்கானிக்:
பைமெட்டலை எந்த நிலையில் சோதித்தார் என்று கேளுங்கள். அது நன்கு குளிர்ந்தால்தான் தொடர்பு கொடுக்கும். வெளியே எடுத்து அறைச் சூட்டில் மீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் கெட்டதாகத்தான் காட்டும். பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, எடுத்த கையோடு சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் தொடர்பு இல்லையென்றால் மாற்றிவிடலாம். தொடர்பு கிடைத்தால் அடுத்து, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸ், பிறகு டைமர். டைமரின் திருகை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் டக் என்று கேட்டு கம்ப்ரசர் நிற்கும். சில நிமிடத்தில் ஹீட்டர் சூடேற வேண்டும். உருகிய நீர் அதன்மேல் சொட்டிச் சுர்ரென்று இரையும். தானாக நடக்காதது கையால் திருப்பினால் நடக்கிறது என்றால் கோளாறு டைமரில்.

நேரடி இணைப்புக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பனி உருகி முடிந்ததும் ஹீட்டரை நிறுத்துவது அந்தப் பைமெட்டல்தான். அது இல்லாவிட்டால் டைமர் திரும்பும்வரை ஹீட்டர் காய்ந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். பாகம் வரும்வரை பனி ஏறியதும் அணைத்துவைத்துச் சமாளியுங்கள். மாவைத் தேவைக்குக் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள்.