நாய் மீன் என்றால் என்ன மீன்?

குழு: கெடிலக்கரை வீடு
சனி, இரவு 8.10

தம்பி (மஞ்சக்குப்பம், கடலூர்): அக்கா, மகனுக்குக் காலாண்டுத் தாள் கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் 61. அது போகட்டும். 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்' பத்திக் கேள்விக்கு ஐந்துக்கு இரண்டு. பக்கத்து பெஞ்சுப் பையன் கைடில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்தான், அவனுக்கு ஐந்துக்கு ஐந்து. சொந்தமாக எழுதினால் குற்றமா?

நான்: மார்க்கைச் சொல்லாதே. விடையைப் படம் எடுத்து அனுப்பு.

தங்கச்சி (அரியாங்குப்பம், புதுச்சேரி): பறக்கப் பயப்படும் குஞ்சுக் கதைதானே? எங்கள் பாப்பாவுக்கும் அதேதான். 2023ல் இங்கே அரசுப் பள்ளிகளைச் சிபிஎஸ்இக்கு மாற்றியபோது இனி புத்தகமே வேறு என்று பயந்து கிடந்தேன். பத்தாவது புத்தகத்தைத் திறந்தால் அதே பறவை பாறையில் உட்கார்ந்திருக்கிறது.

தம்பி: அட, முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கமும் அதுதானா!

தம்பி: [படம்]

நான்: கொஞ்சம் பொறு, கண்ணாடி எடுத்து வருகிறேன்.

8.26

நான்: படித்தேன். நடுவில் மூன்று வரி இருக்கிறது பார். "மதர் டிட் நாட் கேவ் ஃபிஷ். ஷி ஷோ ஃபிஷ். இஃப் ஷி கிவ், ஹி ஈட் அண்ட் சிட்." தம்பி, இந்த மூன்று வரிக்காக அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தாய்ப்பறவை மீனை அலகில் வைத்துக்கொண்டு, எட்டியும் எட்டாத தூரத்தில் அப்படியே நிற்கும். ஊட்டவில்லை, காட்டுகிறது. பல பேர் "பசியால் குதித்தது" என்பதோடு முடித்துவிடுவார்கள்.

தம்பி: அப்புறம் ஏன் இரண்டு?

நான்: கோபப்படாதே. 'டிட் நாட்' வந்த பிறகு 'கிவ்'தான் வரணும். 'ஷோ' இல்லை, 'ஷோட்'. அது மட்டும் என்றால் பரவாயில்லை. அண்ணனும் தங்கையும் முன்பே பறந்துபோனதை எழுதவில்லை, அப்பா அம்மா திட்டியதை எழுதவில்லை. கடைசியில் கடல்மேல் இறங்கிக் கால் முழுகி, பிறகு மிதந்ததே அதைக்கூடக் காணோம். திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், எந்தெந்தச் செய்தி வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். உன் மகன் எழுதியது அந்தக் குறிப்பில் இருந்திருக்காது. நான் திருத்தியிருந்தால் மூன்று. நாலு இல்லை.

தம்பி மகன்: அத்தை, மூணாவது கொடுத்திருக்கலாம்ல

நான்: வாடா. ஒளிந்திருந்து படிக்கிறாயா?

தங்கச்சி: எங்கள் கதை தலைகீழ். பாப்பாவுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து "தாய் ஏன் பாதியில் நின்றது" என்று கேட்டால் டக்கென்று எழுதிவிடுகிறாள். ஆறு மார்க் கேள்விக்கு 120 வார்த்தை என்றால் நாலு வரியோடு நிறுத்திவிடுகிறாள்.

தங்கச்சி மகள்: நாலு இல்லம்மா, ஆறு வரி

நான்: இரண்டு பேருக்கும் வியாதி ஒன்றுதான். கதையும் தெரியும், மனசில் கருத்தும் இருக்கிறது. அதை இங்கிலீஷில் வரிசையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டுவிடுவதால் எது குறை என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு மார்க் என்றால் கதை புரியவில்லையா, இலக்கணம் வரவில்லையா? அதனால்தான் என் வகுப்புத் தேர்வுத் தாள்களில் ஓரத்தில் இரண்டு எண் போடுவேன். இடது பக்கம் கருத்துக்கு, வலது பக்கம் மொழிக்கு. இவன் தாள் என்னிடம் வந்திருந்தால் இடது பக்கம் வலதைவிட நன்றாக இருந்திருக்கும்.

தம்பி: கைடுப் பையனுக்கு?

நான்: அவனுக்கு நான் எண்ணே போட மாட்டேன், கைடு எழுதினவருக்குத்தான் போடணும். ஆனால் அந்தப் பையனைக் குறை சொல்லாதே. நூறு மார்க்கும் எழுத்துத் தேர்விலேயே என்றால் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். உன் மகன் மனப்பாடப் பாட்டுக்கு எவ்வளவு வாங்கினான்?

தம்பி மகன்: ஐந்துக்கு ஐந்து அத்தை

நான்: அந்தப் பாட்டு என்ன சொல்கிறது, ஒரு வரியில் சொல்லு.

தம்பி மகன்: ...

தம்பி: டைப்பிங் என்று காட்டுகிறது, காட்டுகிறது, வரவே இல்லை!

நான்: விடு. பாட்டு மனப்பாடம் செய்வது கெட்டதில்லை, ஓசை நாக்கில் நிற்கும். ஆனால் அந்த ஐந்தை வைத்து இங்கிலீஷ் வரும் என்று நினைத்துவிடாதே. படத்தைப் பார்த்து எழுதும் கேள்வி, முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து எட்டு மார்க்குக்குக் கேட்பது, இந்த இரண்டில் என்ன வாங்கினான் என்று பார். அங்கே கைடு வராது.

தங்கச்சி: எங்களுக்கு எழுத்து 80, பள்ளியில் 20. அந்த இருபதில் பேச்சுக்கும் கேட்டுப் புரிவதற்கும் ஐந்து. அதுதான் பயம். டீச்சர் முன்னால் நின்றால் ஊமையாகிவிடுகிறாள்.

நான்: பாப்பா, உன் புத்தகத்தில் 'மேடம் ரைட்ஸ் த பஸ்' இருக்கிறதே, முடித்துவிட்டீர்களா? வல்லிக்கண்ணன் எழுதின நம்ம கதை.

தங்கச்சி மகள்: முடிச்சாச்சு பெரியம்மா. வள்ளிக்குப் போக 30 பைசா, வர 30 பைசா. திரும்பும்போது செத்த மாட்டைப் பார்த்து அழுதுவிடுவாள்.

நான்: அழுதாளா, நன்றாகப் பார்.

தங்கச்சி மகள்: ம்... வருத்தப்படுவாள். அப்புறம் ஜன்னல் பக்கமே பார்க்க மாட்டாள்.

நான்: ஆங். அதுதான் அந்தக் கதை. நீ தினமும் பள்ளிக்கு பஸ்ஸில்தானே போகிறாய்? நாளைக்கு என்ன பார்த்தாய் என்று இங்கிலீஷில் இரண்டு நிமிடம் பேசி எனக்கு அனுப்பு. தப்பு வந்தாலும் நிறுத்தாதே, முதலில் பேசி முடி. டேய், நீ அந்தப் பத்தியைத் திரும்ப எழுதி பாப்பாவுக்கு அனுப்பு. அவள் அதற்கு இரண்டு எண் போடுவாள்.

தம்பி மகன்: அவ மூணுகூடப் போட மாட்டா அத்தை

தங்கச்சி மகள்: டேய், கடைசியில் குடும்பமே சேர்ந்து கொடுக்கிறது டாக்ஃபிஷ். நீ "நாய் மீன்" என்று அடைப்பில் எழுதி வைத்திருக்கிறாய், படத்தில் தெரிகிறது

தம்பி: அப்படி ஒரு மீன் இருக்கிறதா அக்கா? நாற்பது வருஷமாகக் கடலூரில் இருக்கிறேன், கேள்விப்பட்டதில்லை.

அம்மா (முதுநகர்): [குரல் பதிவு 0:19]

தங்கச்சி: அம்மா என்ன சொல்கிறார்கள், பக்கத்தில் டிவி சத்தம்.

நான்: "நாயும் இல்லை நரியும் இல்லை, அது குட்டிச் சுறா. துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்க, பால்சுறா கிடைத்தால் புட்டு" என்கிறார்கள்.

தம்பி மகன்: அத்தை, ஆயா சொன்னது சரிதானா? எழுதலாமா?

நான்: சரிதான், சின்னச் சுறா வகை. எழுது.

தம்பி: நான் காலையிலேயே போய் வாங்கி வைக்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள், இப்பவே சொல்லுங்கள்.