பெயரே கேள்விப்படாத பெண்கள் புற்றுநோய்கள்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு வந்தது கிரானுலோசா செல் கட்டி. சூலகத்தில் வருவது, சூலகப் புற்றுநோய் நூறு எடுத்தால் அதில் ஐந்துகூட இது இருக்காது. மாதவிடாய் நின்று பல வருடத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட்டது. கட்டியே ஈஸ்ட்ரோஜன் சுரக்குமாம், அதனால்தான். பெரியம்மா "உனக்கு இளமை திரும்புதடி" என்று பகிடி விட்டார். ஒப்பரேஷன் 2003இல் நடந்தது, முதலாம் நிலை, கீமோ தேவையில்லை என்றார்கள். சில வருடம் கிளினிக் போனோம், ஐந்து வருடம் தாண்டினால் தப்பியாச்சு என்று ஊர் முழுக்கச் சொன்னது, பிறகு போகவில்லை.

2021இல் அடிவயிறு கனக்கிறது என்று ஸ்கேன் எடுத்தால் கட்டி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விருப்பமில்லை. இளம் டொக்டர், நல்ல பிள்ளை, "18 வருசத்துக்கு முதல் எடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமிருக்காது அம்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. சொப்பிங் பையிலிருந்து பழைய பயொப்சி றிப்போட்டை எடுத்தார், மடிப்பெல்லாம் செலோரேப் ஒட்டி மஞ்சளாகிப் போன கடதாசி (சுனாமியில் எங்கள் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் போய்விட்டன, இது மட்டும் டவுனில் மாமி வீட்டில் கிடந்ததால் மிஞ்சியது). மேசையில் விரித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். டொக்டர் வாசித்தார், எழும்பிப் போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதே கட்டிதான் திரும்பியிருந்தது. இது பத்து வருடம், இருபது வருடம் கழித்தும் வரக்கூடியதாம். இந்தக் கட்டி சுரக்கிற இன்ஹிபின் பி என்ற ஹோர்மோனைப் பார்க்கிற இரத்தப் பரிசோதனை வெளியில் காசு கட்டி எடுத்தோம், அது கூடியிருந்தது. இரண்டாம் தரம் ஒப்பரேஷன், இப்போது ஹோர்மோன் மாத்திரை. நடமாடுகிறார், சமைக்கிறார், என்னோடு சண்டையும் பிடிக்கிறார். எனக்குள் அரிப்பது அந்த ஐந்து வருடக் கணக்குத்தான். அதை யார் எங்களுக்குள் புகுத்தியது?

கிண்ணியாக்காரன்:
தங்கச்சி எழுதியது சரி, ஆனால் கேன்சர் என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி மையத்து (பிணம்) தூக்குகிற கதை கதைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். என் மனைவிக்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம். பிள்ளை இல்லை, கர்ப்பப்பைக்குள் குலை குலையாக நீர்க்கொப்புளம். கழுவி எடுத்தார்கள். சில கிழமையில் திரும்ப இரத்தம். மாமி பாமசியில் கார்ட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தால் இரண்டு கோடு! நாங்கள் கிளினிக்கால் திரும்பி வருவதற்குள் வட்டிலாப்பம் அவித்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து முடித்துவிட்டார். நாங்கள் கையில் கொண்டு வந்தது பீட்டா எச்.சி.ஜி. றிப்போட், கழுவியதில் மிஞ்சியது புற்றாகியிருந்தது. கர்ப்பத்தில் சுரக்கிற அதே ஹோர்மோனைத்தான் இந்த நோயும் சுரக்கிறது, கார்டுக்கு வித்தியாசம் தெரியாது. மாமி வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற முகம் இருக்கிறதே, அதை இப்போதும் மறக்க ஏலாது.

"கேன்சர்தான், ஆனால் சுகமாகிற கேன்சர்" என்றார் டொக்டர். வயது, பீட்டா அளவு, எங்கே பரவியிருக்கிறது என்று எல்லாம் பார்த்துப் புள்ளி போடுவார்கள், ஆறு வரைக்கும் குறைந்த ஆபத்து, ஏழிலிருந்து கூடிய ஆபத்து. இவ குறைந்த பக்கம். மெதோட்ரெக்ஸேட் ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், இடைப்பட்ட நாளில் ஃபோலினிக் அசிட் மாத்திரை. வாயெல்லாம் புண், கஞ்சி மட்டும்தான் இறங்கியது. இந்த மருந்தால் இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று 1956இலேயே அமெரிக்காவில் லீ, ஹெர்ட்ஸ் என்ற இரண்டு டொக்டர்மார் காட்டிவிட்டார்கள். குறைந்த ஆபத்துக்காரர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே சுகமாகிறார்கள். பீட்டா இறங்கிய பிறகும் ஒரு வருடம் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்றார்கள், கேட்டு நடந்தோம். மகன் இப்போது நேர்சரி போகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

பெறாமகள்:
கிண்ணியா அண்ணா, உங்கள் வீட்டுக்கு வந்தது நல்ல வருத்தம். கோபிக்க வேண்டாம், அது வருத்தத்தின் குணம், உங்கள் மனத்தைரியம் இல்லை. சித்திக்கு ஃபைப்ரொயிட், அதாவது கர்ப்பப்பையில் வருகிற புற்றில்லாத கட்டி என்றுதான் சொன்னார்கள், ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற சாமான். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், சின்ன ஓட்டை போட்டு, கட்டியை உள்ளேயே துண்டு துண்டாக்கி வெளியே எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீடு, எல்லாருக்கும் சந்தோசம். பிறகு ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து கோல். றிப்போட் எடுக்க வரச் சொன்னார்கள், வரும்போது "யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். அந்த நேரம் சித்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தொடர்ந்து செதில் சீவினார்.

லியோமயோசார்க்கோமா. கர்ப்பப்பைத் தசையில் வருகிற புற்று. ஃபைப்ரொயிட்டையும் இதையும் ஸ்கேனில் நிச்சயமாகப் பிரிக்க ஏலாது. துண்டாக்கினால் வயிற்றுக்குள் சிதறும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இலேயே எச்சரித்தது, ஃபைப்ரொயிட் என்று ஒப்பரேஷன் செய்கிறவர்களில் 350 பேருக்கு ஒருவரிடம் இப்படி ஏதாவது சார்க்கோமா மறைந்திருக்கலாம் என்று கணக்கும் சொன்னது. முதலாம் நிலையில் பிடித்தாலே பாதிப் பேர்தான் ஐந்து வருடம் தாண்டுவார்கள். சித்திக்கு நுரையீரலுக்குப் போனது, கீமோ கொஞ்ச நாள் பிடித்து வைத்தது, அவ்வளவுதான். "சுகமாகிற கேன்சர்" என்ற பேச்சை இதற்குள் கொண்டு வராதீர்கள்.

டீச்சர் அன்ரி:
என் மாமியாருக்குப் பெண்ணுறுப்பின் வெளித்தோலில் வந்தது, வருடக்கணக்காகச் சொறிச்சல் என்று பாமசி கிறீம் பூசிக்கொண்டிருந்தார், கடைசி வரை யாருக்கும் காட்டவில்லை. அதுதான் என் கதை, இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளே, சண்டை பிடிக்காதீர்கள்.

பயொப்சி றிப்போட்டின் ஒறிஜினலை ஆரிடமும் விடாதீர்கள், போட்டோக்கொப்பி கொடுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். அரிய வகை என்றால் ஸ்லைட்டை (கட்டியின் மெல்லிய துண்டு வைத்த கண்ணாடியை) இன்னொரு பத்தோலஜிஸ்ட் பார்க்கட்டும் என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, வகை மாறினால் மருந்தே மாறிவிடும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சிங்களம் தெரிந்த ஒருவரோடு போங்கள். யாழ்ப்பாணப் பக்கம் தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கரைச்சல் இல்லை. மெதோட்ரெக்ஸேட் போகிறவர்கள் தாங்களாகக் கடையில் விட்டமின் மாத்திரை, நோவுக் குளிசை வாங்கிப் போடக்கூடாது. முள்ளுச்சீத்தா இலை அவித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று வட்சப்பில் வருவதைத் தயவுசெய்து மற்றவருக்கு அனுப்பாதீர்கள், அனுப்பினால் நான் திட்டுவேன். வெல் வுமன் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்யுங்கள், ஆனால் அது கர்ப்பப்பைக் கழுத்துக்கு மட்டும், இங்கே எழுதியிருக்கிற மற்ற எதையும் நம்பிக்கையாகப் பிடிக்காது. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான ஊசி, போடுகிறார்கள், கையெழுத்துப் போட மறுக்காதீர்கள், வெளித்தோலில் வருவதிலும் ஒரு பகுதி அந்த வைரசால்தான். ஐம்பது தாண்டியவர்கள் கீழே வெள்ளைத் தழும்பு, ஆறாத புண், தீராத கடி என்றால் வெட்கப்படாமல் காட்டுங்கள். கவட்டு நெறிக்குப் பரவ முதல் எடுத்துவிட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். பிறகு சாப்பாடு...

பெறாமகள்:
அன்ரி, சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கடல்பிள்ளை:
நான் நோயாளி, சொந்தக்காரி இல்லை. ஏ.எல். பரீட்சை எழுத இருந்த வருடம் வயிறு வீங்கியது, வாட்டில் இருந்த ஆட்கள் என் கழுத்தையும் விரலையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் "பிள்ளை எத்தனை மாதம்" என்று கேட்டார்கள். டிஸ்ஜேர்மினோமா, சூலகத்தில் முட்டையாகிற செல்லில் தொடங்குகிற புற்று. ஒரு சூலகம் மட்டும் எடுத்தார்கள், மற்றதும் கர்ப்பப்பையும் அப்படியே இருக்கிறது, பிறகு பி.ஈ.பி. என்கிற மூன்று மருந்துக் கீமோ. சூலகத்தோடு நிற்கும் கட்டத்தில் பிடித்தால் நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் தப்புகிற நோய். மாதவிடாய் திரும்ப வந்தது. இவ்வளவும் எல்லாரும் சொன்னார்கள்.

யாரும் சொல்லாத ஒன்றைப் போன வருடம்தான் கண்டுபிடித்தேன். நிலாவெளியில் டைவிங் பழகப் போனோம், புறாத்தீவுப் பக்கம். படகு ஏறுவதற்கு முன் ஒரு ஃபோம் தந்தார்கள், என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி. அந்த மூன்று கீமோ மருந்தில் ஒன்றான பிளியோமைசின் என்று எழுதினேன். பயிற்சி தருகிற அண்ணா அதைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து முகமூடியைத் திருப்பி வாங்கினார். அந்த மருந்து நுரையீரலைத் தழும்பாக்கக்கூடியது, அழுத்தத்தில் ஒட்சிசன் கூடினால் ஆபத்து வரலாம், டொக்டர் கடிதம் இல்லாமல் ஏற்ற ஏலாது என்றார். மற்றவர்கள் இறங்கினார்கள், நான் கரையோரம் ஸ்நோர்க்கல் போட்டேன், அதற்குத் தடையில்லை. நாளைக்கு வேறு ஒப்பரேஷன் என்று போனாலும் மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமாம். கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வரி எழுதித் தந்திருக்கலாம்.

உப்புவெளி மகள்:
டீச்சர் அன்ரி, ஸ்லைட் கேட்டால் தருவார்களா? 2003ஆம் வருடத்துது.

டீச்சர் அன்ரி:
பழையது இருக்குமோ தெரியாது மகள். புதிய ஒப்பரேஷன்துக்குக் கேளுங்கள். எங்களுக்கு கன்சல்டன்ட் கடிதம் தந்தார், கையெழுத்து வைத்து வாங்கினோம், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிண்ணியாக்காரன்:
பெறாமகள், உங்கள் சித்தியின் விசயம் தெரியாமல் எழுதவில்லை, வாசித்தேன். என் கதையை அழிக்கவும் மாட்டேன், முத்துப்பிள்ளை என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய் இருக்கிற யாராவது இங்கே வருவார்கள்.