வகுப்பில் மகளை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார்கள். டீச்சரிடம் எப்படிப் பேசுவது?

பனியன் ஊர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் திருப்பூர் பக்கம் ஒரு அரசு தொடக்கப்பள்ளியில் 3ஆம் வகுப்பு. கணக்கு நன்றாகப் போடுவாள், தமிழ் வாசிப்பதில் மட்டும் திணறல். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் தமிழுக்கு அரும்பு என்கிற தொடக்க நிலையில் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவள் பதில் சொல்லக் கை தூக்கினால் "அரும்பெல்லாம் கையை இறக்கு" என்று டீச்சர் சொல்ல, இப்போது கூடப் படிக்கிற பிள்ளைகளும் அவளை அரும்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளி நாளில் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள், ஞாயிற்றுக்கிழமை அந்த வலியே இல்லை.

வாசலில் பார்த்துக் கேட்டேன். "ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிட்டா வீட்டுல யார் சொல்லித் தருவா?" என்று மற்ற அம்மாக்கள் முன்னால் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலே புகார் எழுதலாம் என்கிறார் கணவர். டீச்சரைப் பகைத்தால் பிள்ளை தலையில்தான் விடியும் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

ஓய்வு பெற்ற டீச்சர்:
முதலில் அந்த வயிற்று வலியை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா, பயத்தால்தான் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். அவள் காலை உணவைப் பள்ளியில் சாப்பிடுகிறவளாக இருந்தால் அங்கே சமைக்கிற அக்காவிடமும் விசாரியுங்கள், சாப்பிடுகிறாளா, யாரோடு உட்காருகிறாள் என்று வகுப்பு தொடங்கும் முன்பே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம் இந்த அரும்பு விஷயம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022இல் வந்த திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது எந்தப் பிள்ளைக்கு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று டீச்சர் தெரிந்துகொள்ளத்தான். ஒரே பிள்ளை தமிழில் அரும்பிலும் கணக்கில் மலரிலும் இருக்கலாம், சில மாதத்தில் மாறவும் செய்யலாம். அதைப் பட்டப்பெயராக்கினால் அந்தத் திட்டத்தின் நோக்கமே கெட்டுப் போகிறது, இதை ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வாசலில் நின்று பேசாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் நேரம் கேட்டு, வகுப்பு டீச்சரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். எந்த நாள், என்ன சொன்னார், அன்று வீட்டில் பிள்ளை எப்படி இருந்தாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையை மட்டும் கூட்டிப் போக வேண்டாம். டீச்சர் எதிரில் நிற்க வைத்து "மிஸ் அப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் இல்லை என்றுதான் சொல்லும்.

இரண்டு பிள்ளை அப்பா:
எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவைப் படியுங்கள். அடிப்பது மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதும் தடை, மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். 14417 கல்வித்துறை உதவி எண், 1098 குழந்தைகளுக்கான எண். பேசிப் பார்த்துப் பலன் இல்லையென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள், அதைக் கேட்பது நம் உரிமை.

மேலாண்மைக் குழு தலைவி:
அண்ணா சொல்கிற சட்டம் சரிதான், ஆனால் நடுவில் இன்னொரு படி இருக்கிறது, அதைப் பல பெற்றோர் மறந்துவிடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், இதெல்லாம் அதே சட்டத்தில் உள்ளது. நம் மாநிலத்தில் தலைவரும் ஒரு பெற்றோர்தான். உங்கள் பள்ளியில் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் அக்கா.

கூட்டத்தில் உங்கள் மகள் பெயரையே எடுக்க வேண்டாம். "பிள்ளைகளின் நிலையை வகுப்பில் உரக்கச் சொல்லக் கூடாது, பெற்றோரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்" என்று பொதுவாக வையுங்கள். எங்கள் பள்ளியில் இப்படித்தான் வைத்தோம், ஒரு டீச்சர் முகம் சுளித்தார், ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு நடைமுறை மாறியது. கூட்டம் மதியம் வைத்தால் அரை நாள் சம்பளம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசுவது நியாயமே இல்லை.

டீச்சர் பக்கமும் ஒன்று உண்டு. ரெண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளிகள் நிறைய. அந்தச் சுமையைப் பற்றியும் கேளுங்கள், கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்று குழுவே தீர்மானம் போடலாம். அதற்காகப் பிள்ளையை அவமானப்படுத்துவதை ஏற்க முடியாது.

பனியன் ஊர் அம்மா:
ரொம்ப நன்றி. ஹெச்எம் சாரிடம் போனில் கேட்டேன், வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். கணவர் கொஞ்சம் கோபக்காரர், நான் மட்டும் போகட்டுமா?

ஓய்வு பெற்ற டீச்சர்:
இரண்டு பேரும் போங்கள். பேச்சை நீங்கள் தொடங்குங்கள், தாளைக் கணவர் கையில் கொடுங்கள். வீட்டில் என்ன வாசிக்க வைக்கலாம் என்றும் டீச்சரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், இரவு பத்து நிமிடம் போதும்.