யூரியா ‘ஆவியாவது’ இல்லை: வோலட்டிலைசேஷனுக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம், மன்னார்குடிக்குக் கிழக்கே, தாளடிக்கு (இரண்டாம் போக நெல்லுக்கு) மேலுரம் போடும் சமயத்தில் கொடுப்பதற்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) எப்படியெல்லாம் வீணாகிறது என்பதுதான் விஷயம். அடியுரம், மேலுரம், பிரித்து இடுதல், இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் வேண்டுமா என்று பார்க்கும் அட்டை) எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன, அகராதியைத் தொடவே இல்லை. வோலட்டிலைசேஷன், அதாவது உரச்சத்து வாயுவாகிக் காற்றில் போவது, என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

கைக்குக் கிடைத்த குறிப்புகளில் எல்லாம் ‘ஆவியாதல்’ என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்குச் சொந்தத் தகராறு ஒன்று உண்டு. போன வருஷம் திடலில் கத்தரி போட்டிருந்தேன். யூரியா வெயிலில் ஆவியாகிவிடும் என்று படித்திருந்ததால், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், மண் ஈரமாக இருக்கையில், சாயங்காலமாகப் பார்த்துப் பாத்தி முழுக்கத் தூவிவிட்டு வந்தேன். நிழல், ஈரம், குளிர்ச்சி எல்லாம் சரியாக அமைந்ததாக நினைப்பு. அதன்பிறகு ஆறு நாள் தண்ணீர் விடவில்லை. செடி பச்சை கட்டவே இல்லை. நான் செய்தது எல்லாமே தண்ணீர் ஆவியாகாமல் இருக்கச் செய்கிற காரியங்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சொல்தான் என்னைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டது.

வேறு சொல் வேண்டும். வயலில் நின்று வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், வெறும் பாடப்புத்தகச் சொல்லாக வேண்டாம்.

*

அண்ணா, ‘காற்றிழப்பு’ எப்படி? தண்ணீரோடு சத்து அடிமண்ணுக்குப் போவது லீச்சிங், அதற்கு ‘நீரிழப்பு’ என்று வைத்தால் இரண்டும் ஜோடியாகிவிடும். அது பிடிக்கவில்லை என்றால், திண்மமாக இருப்பது வாயுவாகிறது, அதற்குப் பள்ளியில் படித்த பதங்கமாதல் இருக்கிறதே?

*

தம்பிகள் இருவருக்கும்,

காற்றிழப்பு என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சைக்கிள் டியூப். நீரிழப்பு ஏற்கனவே டாக்டர்கள் கையில் இருக்கிறது, வயிற்றுப்போக்கு வந்தால் வருவது அது. விளையாட்டாகச் சொல்லவில்லை, இதில் இலக்கணமும் இருக்கிறது: உயிரிழப்பு என்றால் உயிரை இழப்பது, பொருளிழப்பு என்றால் பொருளை இழப்பது. ‘இழப்பு’க்கு முன்னால் நாம் வைப்பது இழந்த பொருளை, எந்த வழியாக இழந்தோம் என்பதை அங்கே வைத்தால் படிப்பவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

பதங்கமாதலும் வேண்டாம். கற்பூரம் பதங்கமாகும்போது காற்றில் இருப்பதும் கற்பூரமே, அதனால்தான் வாசனை அப்படியே வருகிறது. யூரியா யூரியாவாகப் போவதில்லை. ஈரம் பட்டதும் குருணை கரைகிறது. மண்ணிலும் சருகிலும் தாளிலும் யூரியேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது யூரியாவை உடைத்து அம்மோனியம் ஆக்குகிறது. (1926இல் சம்னர் என்ற அமெரிக்கர் இந்த யூரியேஸைத்தான் படிகமாகப் பிரித்தெடுத்தார், உலகத்தில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி இதுவே. எடுத்தது எதிலிருந்து தெரியுமா, நம் தம்பட்டை அவரைக்கு உறவான ஒரு அவரையிலிருந்து! 1946இல் நோபலும் வாங்கினார்.) உடையும்போது குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறுகிறது, காரம் ஏறினால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறுகிறது. மண்ணுக்குள்ளே இருந்தால் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, போய்விடும்.

மாட்டுக் கொட்டகையை விடியற்காலையில் திறந்தால் கண்ணைக் கரிக்குமே, அதுவும் இதே அம்மோனியாதான், கோமியத்தில் இருக்கும் யூரியா உடைவதால் வருவது. துண்டறிக்கையில் இதை எழுது, எவனுக்கும் விளங்கும்.

உன் கத்தரிக்கு என்ன ஆனது என்று இப்போது புரிந்திருக்கும். ஈரமண் குருணையைக் கரைத்துவிட்டது, ஆனால் உள்ளே இறக்கிவிடத் தண்ணீர் வரவில்லை. நொதி ஒரு ராத்திரியில் வேலையை முடித்துவிட்டு ஓய்வதில்லை, சில நாள் ஓடும். அதனால் சாயங்காலம் தூவியதில் பெரிய லாபம் இல்லை, மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயில் வரத்தானே செய்யும்? தூவிய கையோடு மண்ணைக் கொத்தி இரண்டு அங்குலம் மூடியிருக்க வேண்டும், அல்லது ஓரிரு நாளுக்குள் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். நிலைமை மோசமாக அமைந்தால் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இப்படிப் போகும். 45 கிலோ மூட்டையில் 15 கிலோவை அவிழ்த்துக் காற்றில் விட்ட மாதிரி.

நெல் வயலில் கதை கொஞ்சம் வேறு. தேங்கிய தண்ணீரில் பாசி இருந்தால் பகலில் அது தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், உச்சி வெயிலில் தண்ணீரின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9ஐத் தாண்டும், ராத்திரி மறுபடி இறங்கும். அந்தத் தண்ணீர் மேல் யூரியா வீசினால் பகல் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றின் மேல் போட்டு, அப்புறம் தண்ணீர் கட்டச் சொல்வது இதனால்தான், கட்டுகிற தண்ணீரே உரத்தை உள்ளே இறக்கிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இந்த ‘ஆவியாதல்’தான் வளர்க்கிறது. 2015 முதல் இந்தியாவில் யூரியா முழுவதும் வேம்பு பூசித்தான் வருகிறது. வேம்பு பூசியிருக்கிறது, இனி ஆவியாகாது என்று மேலேயே வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேம்பு செய்கிற வேலை வேறு. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை அது மெதுவாக்குகிறது, அதனால் தண்ணீரோடு அடியில் போவது குறையும். அம்மோனியா காற்றில் போவதை அது தடுக்காது. இரண்டு ஓட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் ஒன்றை அடைத்ததும் இரண்டையும் அடைத்துவிட்டதாக நினைக்கிறோம்.

கடைசியாக ஒன்று, துண்டறிக்கைக்கு. யூரியா கரைத்த வாளி, காலி மூட்டை இரண்டையும் மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. மண்ணில் நடப்பதே மாட்டின் வயிற்றிலும் நடக்கும், அங்கே இன்னும் வேகமாக. ஒரு மணி நேரத்துக்குள் நுரை தள்ளி நடுங்கி விழுந்துவிடும். டாக்டர் வந்தால் வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றச் சொல்வார், ஆனால் பல நேரம் அதற்கு முன்பே முடிந்துபோகும்.

*

எல்லோருக்கும் வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் தேடுகிற சொல் எங்களிடம் வெகுநாளாகவே இருக்கிறது. எங்கள் இரசாயனவியலில் ஆவியாதல் வேறு, ஆவிப்பறப்பு வேறு. லேசில் வாயுவாகப் போய்விடும் பொருளை ‘ஆவிப்பறப்புள்ள’ பொருள் என்போம். அமோனியா ஆவிப்பறப்புள்ளது, நைத்திரேற்று (நீங்கள் சொல்லும் நைட்ரேட்) அப்படியல்ல. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டதால் எனக்கு இந்த இழையில் எங்கே சிக்கல் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

நீரிழப்பு பற்றி: தயவுசெய்து அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், லீச்சிங்குக்கும் ஒரு நல்ல சொல் தேவை. குடாநாட்டில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளையில் பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகி, இறைக்கிற தண்ணீரோடு கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, திரும்ப அதே கிணற்றுக்கே வந்து சேர்கிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் சேர்கிறது, பசளை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைக்கும்தான் ஏற்கிறது. எங்கள் தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம்பாரிக்கக்கூடும்.

இங்கேதான் சொல் உயிர்ப் பிரச்சினை ஆகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகிற மாதிரி இதுவும் போய்விடும் என்று தாய்மார் நினைக்கிறார்கள். நைத்திரேற்றுக்கு ஆவிப்பறப்பு இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று அப்படியே இருந்து இன்னும் செறியும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய மாதங்களில் ஒரு கைப்பிடி யூரியாவுக்கு என்ன பெறுமதி என்று நாங்கள் படித்துவிட்டோம். அதற்குப் பிறகும் ஈரமண்ணில் வீசிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், என் மாமா உட்பட.

*

அக்கா சொன்ன ஆவிப்பறப்பு அழகாக இருக்கிறது. நான் மாடித்தோட்டக்காரி, வயல் கிடையாது, ஆனால் லீச்சிங்கைக் கண்ணால் பார்ப்பது நாங்கள்தான், செடிப் பைக்கு அடியில் பழுப்பாக ஓடி வந்து தரையில் கறை படியும். ‘கரைந்திறங்கல்’ என்று சொல்லலாமா? என்ன நடக்கிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

யூரியாவைப் பற்றி மாடித்தோட்டத்தில் கேட்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுகிற கணக்கு இது. ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றால் சதுர மீட்டருக்கு 12 கிராம். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, ஆக 26 கிராம் யூரியா. ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதல் அகலமுள்ள வளர்ப்புப் பை சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு இரண்டரை கிராம் சொச்சம். ஒரு டீஸ்பூன்கூட இல்லை, அதுவும் முழுப் பருவத்துக்கும் சேர்த்து, நாலைந்து தடவையாகப் பிரித்து. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, தக்காளிக்கு வாரம் ஒரு ஸ்பூன் போட்டுவிட்டு இலை மட்டும் வருகிறது, பூ வரவில்லை, நுனி கருகுகிறது என்று படம் அனுப்புகிறார்கள்.

*

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக யாழ்ப்பாணத்து அக்காவுக்கு. நாம் இங்கே புதிதாகச் செய்ய உட்கார்ந்ததை அவர்கள் எப்போதோ செய்து பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கலைச்சொல் தேடும்போது பாக் நீரிணையைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, எனக்கும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். ஆவிப்பறப்பு வேதியியலுக்குச் சரி. எங்கள் ஊரில் ‘ஆவி’ என்றால் இட்லிப் பானை, அப்படியும் இல்லாவிட்டால் பேய். ஆவி என்று தொடங்கினாலே மனசு தண்ணீருக்குப் போய்விடுகிறது, நான் போன மாதிரி. அதனால் ஆவியை எடுத்துவிட்டு, போகிற ஆளின் பெயரையே முன்னால் வைத்து, ‘அம்மோனியாப் பறப்பு’ என்று போடுகிறேன். ஐயா சொன்ன இலக்கணத்துக்கும் ஒத்துவரும், பறப்பது எது என்பது முன்னால் நிற்கிறது. யூரியாப் பறப்பு என்று எழுதினால் மறுபடியும் யூரியாவே பறக்கிறது என்றாகிவிடும், அது வேண்டாம்.

நேற்றுப் பக்கத்து வயல் சித்தப்பாவிடம் சோதித்தும் பார்த்தேன். முதலில் பழையபடி, யூரியா ஆவியாகும் சித்தப்பா, என்ன செய்யலாம் என்றேன். “வெயில் தாழப் போடு” என்றார், யோசிக்கவே இல்லை. இன்னொரு பக்கமாக வந்து, யூரியா அம்மோனியாவா மாறிப் பறந்துடுது, கொட்டகையில கண்ணைக் கரிக்குதே அதே சரக்கு, என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “பறக்குதுன்னா மேல மண்ணைத் தள்ளி மூடணுமில்ல” என்றார். நான் மூடுவது பற்றி வாயே திறக்கவில்லை.

துண்டறிக்கையில் போகப்போகிற பகுதி:

‘யூரியாச் சத்து இரண்டு வழியாகத் தப்பும். மேலே போவது அம்மோனியாப் பறப்பு: சேற்றில் போடு, மண்ணால் மூடு, இல்லாவிட்டால் உடனே தண்ணீர் விடு. கீழே போவது கரைந்திறங்கல்: ஒரே தடவையாகக் கொட்டாதே, பயிர் கேட்கும்போது பிரித்துப் போடு, வேம்பு உதவும். மேலே போவதற்கு வேம்பு உதவாது.’

இலை வண்ண அட்டையைப் பற்றி அடுத்த பத்தியில் வருகிறது, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 4, அதற்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் போடு என்று. தேவைக்கு மேல் போட்டால் புகையான் பூச்சிக்கும் குலைநோய்க்கும் விருந்து என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

டிநைட்ரிஃபிகேஷனுக்கு (நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் போவதற்கு) வேறு யாராவது இழை தொடங்குங்கள். நாளை மழை என்கிறார்கள், அதற்கு முன்னால் நான் மேலுரம் போட்டாக வேண்டும்.

*

தம்பி, எவ்வளவு மழை என்று பார்த்தாயா? ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மிதமான மழை என்றால் போடு, உனக்கு வேலை மிச்சம். கனமழை என்றால் மூட்டையைப் பிரிக்காதே, பறக்காமல் காப்பாற்றியது எல்லாம் வாய்க்காலில் வழிந்தும் கரைந்திறங்கியும் போய்விடும்.